ஜன்னலோரத்துக்கு ஆடிய சீட்டு

சந்திரமோகன் சார் இறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. அவரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதப்போவதில்லை. லிங்கம்பள்ளிக்கு அப்பால் ஓர் அரசுத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் எக்ஸ்ரே பிலிம் பார்த்தவர் அவர். மனிதர்களின் எலும்பை அல்ல, இரும்புக் குழாய்களை. இரண்டு குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அது எக்ஸ்ரேயில் மெல்லிய கறுப்பு மயிரிழை போல விழும். இருட்டறையில், வெளிச்சப் பெட்டியின் முன் உட்கார்ந்து, அந்த மயிரிழையைத் தேடுவதுதான் அவர் வேலை. தேடிப் பார்த்துவிட்டு பிலிமின் உறையில் 'ஏற்கலாம்' அல்லது 'ஏற்க இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். வெளியே வந்தால் வெயில் அவருக்கு அதிகமாகத் தெரியும். அதனால் எப்போதும் கண்ணைச் சுருக்கி, எதையோ நினைத்துச் சிரிப்பவர் போலவே இருப்பார்.

எனக்கு அவர் பழக்கமானது ரயிலில். ஃபலக்நுமாவிலிருந்து வந்து செகந்திராபாத்தில் பாதி காலியாகி, மறுபடி நிறைந்து, லிங்கம்பள்ளிக்குப் போகிற காலை வண்டி. நான், ஸ்ரீகாந்த், எலிசபெத் அக்கா மூவரும் ஹைடெக் சிட்டியில் இறங்குகிறவர்கள். மூன்று பேருக்கும் வேறு வேறு கம்பெனி, ஆனால் கழுத்தில் ஒரே மாதிரி நாடாவும் அடையாள அட்டையும். அட்டை இல்லாத ஒரே ஆள் சந்திரமோகன் சார். அவருடைய பாஸ் சட்டைப் பையில் இருக்கும்.

நாலு பேரும் தமிழ் என்பதால் ஒரே பெட்டியில் சேர்ந்தோம். ஸ்ரீகாந்த் இங்கேயே பிறந்தவன், அவன் தமிழில் பாதி தெலுங்கும் கால்வாசி உருதுவும் இருக்கும். எலிசபெத் அக்காவுக்கு நாகர்கோவில். சந்திரமோகன் சார் திருச்சிப் பக்கம். ஸ்ரீகாந்த் கம்பெனி வேலையாக எட்டு மாதம் அமெரிக்கா போய்த் திரும்பியபோது, ஒரு கட்டுச் சீட்டும் போக்கர் என்கிற விளையாட்டும் கொண்டுவந்தான். 2006-ஆம் வருடம், மழைக்காலம் முடிகிற சமயம். ஆளுக்கு இரண்டு சீட்டுக் கவிழ்த்துக் கொடுப்பான். ஐந்து சீட்டு நடுவில் ஒவ்வொன்றாக விரியும், அது எல்லோருக்கும் பொது. கையையும் நடுவையும் சேர்த்து யாருடைய சேர்க்கை பெரியதோ அவருக்குக் குவியல். நல்ல சீட்டு வந்தவர் பந்தயத்தை ஏற்றலாம், வராதவர் சீட்டைக் கவிழ்த்து விலகலாம். ஒன்றும் வராதவரும் வந்ததுபோல ஏற்றி மற்றவர்களை விரட்டலாம். அதுதான் அந்த ஆட்டத்தின் ருசி.

காசு வேண்டாம் என்று முதல் நாளே எலிசபெத் அக்கா சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறையச் சட்டைப் பட்டன் கொண்டுவந்தார்.

"ரயில்வே போலீஸ் வந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"தையக்காரின்னு சொல்லுவேன். உம்ம சட்டையில ரெண்டு பட்டன் இல்ல, அதுக்கு சாட்சி."

திங்கள்கிழமை ஆளுக்கு ஐம்பது பட்டன். வெள்ளிக்கிழமை யாரிடம் அதிகமோ அவருக்கு அடுத்த வாரம் முழுதும் ஜன்னல். எதிர் ஜன்னல் ஆட்டத்தில் கிடையாது. மலக்பேட்டையிலிருந்தே ஒரு பூக்காரம்மா கூடையோடு அதில் உட்கார்ந்து வருவார், எழுந்திருக்கவே மாட்டார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு ஜன்னல்தான்.

அந்த ஜன்னலை எங்களுக்கும் பிடிக்கும். சஞ்சீவையா பார்க் தாண்டும்போது உசேன் சாகர் மேல் பனி கிடக்கும். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பெட்டி மெல்ல ஆடும், பூக்கூடையிலிருந்து ஈரச் சாமந்தி வாசனை வரும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் அப்படி ஒரு ஐந்து நிமிடம். ஸ்ரீகாந்துக்கு ஜன்னல் வேண்டியது தலையைச் சாய்த்துத் தூங்க. அக்காவுக்குக் காற்று. எனக்கு அந்த ஏரி.

சந்திரமோகன் சாருக்கு எதற்கு என்று எங்களுக்கு அப்போது தெரியாது. பின்னால் அவரே சொன்னதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அவருக்கு அஸ்வினி என்று ஒரே பெண். அவர் மனைவி கல்பகம் செகந்திராபாத் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் குடும்பம். கல்பகம் இறந்தபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இரண்டு சந்து தள்ளி ஒரு போர்ஷனுக்கு அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். அஸ்வினி தன்னோடு வேலை பார்த்த ஷ்யாமைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். பையனின் ஊர் வேறு, மொழி வேறு, ஆட்கள் வேறு. சார் சண்டை போடவில்லை. பதிவு அலுவலகம் வரைக்கும் கூடப் போனார். சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தபோது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எனக்கு விரிசல் தெரியுதும்மா" என்று சொல்லி மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அஸ்வினி படி வரைக்கும் பின்னாலேயே வந்தாளாம். அழவில்லை. "கையெழுத்துப் போட மனசு வர்றப்போ வாங்கப்பா. அதுவரைக்கும் வராதீங்க" என்றாள். அவ்வளவுதான். இரண்டு வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள், சீட்டில் ஜெயித்த ஜன்னலில் உட்கார்ந்து போகும்போது, பரத் நகர் தாண்டி போரபண்டா வருவதற்குள், தண்டவாளத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி பால்கனியில் அஸ்வினி துணி உலர்த்துவதைப் பார்த்தார். ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து மேலே பார்த்தால்தான் அந்தப் பால்கனி தெரியும். நடு இருக்கையிலிருந்து சுவர் மட்டும்தான். எட்டு எண்ணுவதற்குள் போய்விடும். அந்த எட்டு எண்ணிக்கையில் அவர் பார்த்தது, அவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்ற நிற்பை. கல்பகமும் அப்படித்தான் நின்றாள், அஸ்வினி வயிற்றில் இருந்தபோது.

அன்றிலிருந்து அவர் அந்த ஜன்னலுக்காக ஆடினார். ஏழு வாரம் தொடர்ந்து ஜெயித்தார். ஏழு வாரமும் பெண்ணின் வயிறு வளர்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு எட்டு எண்ணிக்கை, பார்த்துக்கொண்டு போனார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், இந்த மனிதர் ஒவ்வொரு நாளும் பரத் நகரில் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்பதுதான்.

"அந்தாளு அங்க என்னத்த பாக்குறாரு?" என்றான் ஸ்ரீகாந்த் ஒருநாள், ஹைடெக் சிட்டி பிளாட்பாரத்தில். "ஏழு வாரம் அண்ணா! நாம மூணு பேரும் பைத்தியமா?"

"அவரு நல்லா ஆடுகாரு. நாம ஆடத் தெரியாம ஆடுகோம்" என்றார் அக்கா.

"தனித்தனியா ஆடினா தெரியாதுதான். மூணு பேரும் ஒண்ணா ஆடினா?"

"தப்பில்லியா தம்பி?"

"நக்கோ அக்கா, ஒண்ணும் தப்பில்ல, பட்டன்தானே! ஒரே ஒரு வாரம். அப்புறம் அவர்கிட்டயே சொல்லிச் சிரிச்சுக்கலாம்."

அந்த யோசனைக்கு வழி கண்டுபிடித்தது நான். அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் மூவரின் கழுத்திலும் அட்டை தொங்குகிறது. ஒரு பக்கம் போட்டோ, மறுபக்கம் வெறும் வெள்ளை. ரயில் ஆட்டத்தில் அது தானாகவே திரும்பிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்கப் போவதில்லை. கையில் நல்ல சீட்டு இருந்தால் போட்டோ வெளியே. இல்லையென்றால் வெள்ளை வெளியே. யாருடைய போட்டோ தெரிகிறதோ அவருக்காக மற்ற இருவரும் பந்தயத்தை ஏற்றிவிட்டுக் கடைசியில் விலகிக்கொள்வது. வெள்ளிக்கிழமை இரண்டு பேர் தங்கள் பட்டனை மூன்றாமவரிடம் தோற்றுவிடுவது.

ஜன்னலில் இருப்பவர் முதலில் பந்தயம் பேச வேண்டும், நடைபாதை ஓரத்தில் இருப்பவர் கடைசியில், என்பது எங்கள் வழக்கம். முதல் வாரமே ஜன்னலை இழந்த சந்திரமோகன் சார், அதை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தார். பால்கனி தெரியாவிட்டாலும் பக்கத்திலாவது இருக்கலாம் என்று நினைத்திருப்பார். அது எங்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. அவருக்கு முன்னால் ஒருவர் ஏற்றுவார், அவர் ஈடுகொடுப்பார், அவருக்குப் பின்னால் இருவர் மறுபடி ஏற்றுவார்கள். திரும்ப அவர் முறை வரும்போது குவியல் மூன்று மடங்காகியிருக்கும். விட்டாலும் நஷ்டம், தொடர்ந்தாலும் நஷ்டம். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் மாட்டிய பூனை மாதிரி ஆனார்.

ஒரு வாரம் என்றது ஐந்து வாரம் ஆனது. ஜெயிப்பது பழகிவிடுகிறது, அதுதான் காரணம். ஜன்னலை நாங்கள் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டோம். என் வாரத்தில், ஏரி தாண்டியதும் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவேன். பரத் நகரும் போரபண்டாவும் என் கனவுக்குள் வந்து போகும். பக்கத்தில் சந்திரமோகன் சார் என் தோளுக்கு மேலாக அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு நாள்கூட என்னை எழுப்பி, நகர்ந்து உட்காருங்கள் என்று கேட்டதில்லை.

ஐந்தாவது வாரக் கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று. "விஸ்வநாத், உங்க கம்பெனியில இந்த அட்டையக் கழுத்திலயே போட்டிருக்கணுமா? ரயில்லயும்?"

"பழகிடுச்சு சார்" என்றேன்.

"ஆமா ஆமா. பழகிடும்" என்று கண்ணைச் சுருக்கினார்.

ஆறாவது வாரம் திங்கள்கிழமை அவர் ஏறியதும் நடைபாதை ஓரத்தில் போய் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெகு தூரம். நிற்கிறவர்களின் பையெல்லாம் அவர் தலையில் இடித்தது.

"ஏன் சார் அங்க? இங்க வாங்க" என்றார் அக்கா.

"இருக்கட்டும் எலிசபெத்தம்மா. அந்தப் பக்கம் வெயில் அடிக்குது."

பனி இன்னும் விலகவே இல்லை. வெயிலாவது ஒன்றாவது.

இப்போது கடைசியாகப் பேசுகிறவர் அவர். நாங்கள் மூவரும் ஏற்றுவதோ கவிழ்ப்பதோ எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் முறை. நடுவில் நசுக்க ஆளில்லை. அந்த வாரம் முதல் மூன்று நாள் அவர் ஆடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு பட்டன் வைப்பார், சீட்டைத் தூக்கிப் பார்ப்பார், எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார், கவிழ்த்துவிடுவார். அவர் விலகியதும் எங்களுக்குள் என்ன ஆடுவது? என் பட்டன் ஸ்ரீகாந்திடம் போகும், ஸ்ரீகாந்தின் பட்டன் அக்காவிடம் வரும். மூன்று பேர் சேர்ந்து ஒருவரைப் பிடிக்க விரித்த வலையில் நாங்களே சுற்றிச் சுற்றி வந்தோம்.

வியாழக்கிழமை அவர் ஆட ஆரம்பித்தார். எங்கள் மூவரிடமும் ஒன்றுமில்லாத ஆட்டங்கள் சில உண்டு. சரியாக அந்த ஆட்டங்களில் மட்டும் பத்து பட்டனை நகர்த்தி வைப்பார். நாங்கள் விலகுவோம். யாராவது ஒருவரிடம் ராஜாவோ ஏஸோ இருந்தால் அந்த ஆட்டத்தில் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும், கவிழ்த்துவிடுவார்.

"சாருக்கு ஏதோ தெய்வம் சொல்லுது" என்றார் அக்கா.

"ஹவ்" என்று ஆமோதித்தான் ஸ்ரீகாந்த், சுரத்தில்லாமல்.

வெள்ளிக்கிழமை பரத் நகரில் கடைசி ஆட்டம். திட்டப்படி நானும் அக்காவும் எங்கள் பட்டனில் பெரும்பகுதியை ஸ்ரீகாந்திடம் தோற்றிருந்தோம். அவனிடம் நூற்றுப்பத்து போலக் குவிந்திருந்தது. சந்திரமோகன் சாரிடம் எழுபது போல. ஸ்ரீகாந்தின் அட்டையில் வெள்ளை. ஆனாலும் அவன் பயமுறுத்திப் பார்க்கலாம் என்று முப்பது பட்டனை நடுவில் தள்ளினான். நாங்கள் இருவரும் கவிழ்த்தோம்.

சந்திரமோகன் சார் அவன் மார்பைப் பார்த்தார். முகத்தை அல்ல, அட்டையை. பிறகு தன் எழுபதையும் இரண்டு கையாலும் அணைத்து நடுவில் வைத்தார்.

ஸ்ரீகாந்த் தன் சீட்டை நாலு தடவை தூக்கிப் பார்த்தான். எத்தனை தடவை பார்த்தாலும் அது மாறாது. "அரே, போங்க சார்" என்று கவிழ்த்தான். அந்த முப்பதோடு ஜன்னலும் அவருக்குப் போனது.

அவர் தன் இரண்டு சீட்டையும் திருப்பிக் காட்டினார். ஒரு மூன்று, ஒரு எட்டு. நடுவில் இருந்த எதோடும் சேராதவை. அவரிடமும் ஒன்றுமே இல்லை.

பூக்காரம்மாகூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"எப்ப தெரிஞ்சுது சார்?" என்று நான்தான் கேட்டேன். மறைக்க எதுவும் மிச்சமில்லை.

"முதல் வாரமே சந்தேகம். ஒரு பிலிம்ல தெரிஞ்சா அது தூசியா இருக்கலாம், கைரேகையா இருக்கலாம். ரெண்டாவது பிலிம்லயும் அதே இடத்துல இருந்தாத்தான் எழுதுவோம்." பட்டன்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னார். "கூட்டுச் சேர்ந்து பொய் ஆடுறவங்க, அவங்களுக்குள்ள உண்மையச் சொல்லித்தான் ஆகணும் இல்லையா? நான் அத மட்டும் படிச்சேன்."

கோபமே இல்லை அவர் குரலில். எலிசபெத் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். திங்கள்கிழமை வந்ததும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

திங்கள்கிழமை அவர் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஜன்னலில் உட்கார்ந்தார். ஏரியைப் பார்க்கவில்லை, சீட்டை எடுக்கவில்லை. பரத் நகர் தாண்டியதும் கம்பியில் கன்னத்தை வைத்தார். நான் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து நானும் மேலே பார்த்தேன். வெறும் பால்கனி. கொடிக்கயிறு இல்லை. கம்பியில் 'டு-லெட்' அட்டை ஒன்று காற்றில் திரும்பித் திரும்பி ஆடியது.

போரபண்டா வந்து போனது. அவர் கன்னம் கம்பியிலேயே இருந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வேறு யாரோ ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிற மாதிரி, எல்லாவற்றையும் சொன்னார். பேனா, படிக்கட்டு, வயிறு. "இது ஒம்பதாவது மாசம். எங்க போச்சுன்னு தெரியல" என்று முடித்தார்.

"கர்த்தாவே" என்றார் அக்கா. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜன்னல நாங்க தந்திருப்போமே சார்."

"என்னன்னு சொல்லுவேன்? வராதேன்னு சொன்ன பொண்ண ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்குறேன்னா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொடிக்கயித்துக் கடைசியில ஒரு செவப்புத் துணி கட்டியிருப்பா. அத வச்சுத்தான் முதல்ல அடையாளம் தெரிஞ்சுது. குவார்ட்டர்ஸ்ல ஆறு வீட்டுக்குச் சேர்த்து ஒரே முற்றம், ஆறு கொடி. யாருது எதுன்னு தெரிய ஒவ்வொரு வீடும் ஒரு கலர்த் துணி கட்டிக்கும். எங்க வீட்டுக்குச் செவப்பு. கல்பகம் ஸ்டேஷன்ல வண்டிக்குக் காட்டுற பழைய கொடியில கிழிச்சது."

"தண்டவாளத்துப் பக்கமாவா செவப்பு கட்டியிருந்தா?" என்றார் அக்கா.

"அதான். கல்பகம் ஒருநாளும் அப்படிக் கட்ட மாட்டா. முற்றத்துக்குள்ளதான். லைன் பக்கம் செவப்புத் துணி தெரிஞ்சா டிரைவர் வண்டிய நிறுத்திடுவான்னு பொண்ணுக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தா. இவ மறந்துட்டா போல. அசட்டை."

அன்று மாலை நான் பரத் நகரில் இறங்கி நடந்துபோய் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்தேன். காவல்காரர் பீடியை அணைத்துவிட்டு, "தோ ஹஃப்தே ஹோகயே சாப். சந்தாநகர் கூ சலேகயே. மேம்சாப் அச்சே ஹைங்" என்றார். இரண்டு வாரத்துக்கு முன்பே சந்தா நகர் பக்கம் போய்விட்டார்கள், அந்தப் பெண் நலமாக இருக்கிறாள். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம். எங்கள் ஐந்து வாரத்துக்குள்தான் அது.

நலம் என்ற செய்தியைச் சாரிடம் சொன்னபோது கையைக் கூப்பினார். எனக்குத்தான் அந்தக் கும்பிடு என்று நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு சீட்டுக்கட்டை விரிப்போம், ஆனால் யாரும் ஜெயிப்பதற்காக ஆடவில்லை. நாங்களாகவே ஒரு புது வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். ஹைடெக் சிட்டியில் ஒருவர் மட்டும் இறங்காமல், சாரோடு லிங்கம்பள்ளி வரை போய்த் திரும்புவது. அவர் இடப்பக்கத்தையே பார்த்துப் பழகியவர். நாங்கள் வலப்பக்கம் அந்தச் சிவப்புத் துணியைத் தேடுவோம். ஸ்ரீகாந்துக்கு இதனால் மேனேஜரிடம் இரண்டு தடவை திட்டு விழுந்தது. "என்ன காரணம்னு கேட்டாரு. துணி காயுதான்னு பாக்கப் போனேன்னு எப்படிச் சொல்றது?" என்றான்.

மார்ச் மாதம், என் முறை. ஹைடெக் சிட்டியில் பெட்டி காலியானது. ஹபீஸ்பேட்டை தாண்டியதும் வண்டி ஏனோ வேகம் குறைத்தது. பனிக்காலம் முடிந்து, வெயில் இன்னும் கூர்மையாகாத காலை. வீடுகள் தண்ணீருக்கடியில் இருப்பவை போல மெல்ல மிதந்து வந்தன. ஒரு மொட்டைமாடி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வேப்பமரம். அப்புறம் ஒரு பால்கனி. கொடி நிறைய வெள்ளை வெள்ளையாகச் சின்னத் துணிகள், உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அவற்றின் கடைசியில் சிவப்பு.

'அதோ' என்று கத்தினால் அவர் இத்தனை நாள் காத்த ஏதோ ஒன்று உடைந்துவிடும் என்று தோன்றியது. எதிர்ப்பக்கம் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். திரும்பினார். நான் என் அட்டையைப் பிடித்து, போட்டோ வெளியே தெரியும்படி திருப்பி வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். என் கையில் நல்ல சீட்டு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். மெல்ல எழுந்து, இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து, வலப்பக்க ஜன்னலுக்கு வந்தார். வண்டி இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. அஸ்வினி வாயில் ஒரு கிளிப்பைக் கவ்விக்கொண்டு, ரயிலின் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஜன்னலுக்கு வந்ததும் அவள் கை அப்படியே நின்றது.

அவ்வளவுதான். வேப்பமரம் வந்து மறைத்துவிட்டது.

"இங்கயும் லைன் பக்கம்தான் கட்டியிருக்கா" என்றார், ஜன்னலை விட்டுத் திரும்பாமல்.

"ஆமா சார்."

"அங்கயும் அப்படித்தான் கட்டியிருந்தா." கண்ணைச் சுருக்கினார். "ரெண்டாவது பிலிம்."

மறுநாள் நாங்கள் மூவருமே ஹைடெக் சிட்டியில் இறங்கவில்லை. யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீகாந்த் சீட்டைப் பகிர்ந்தான். நடுவில் மூன்று சீட்டு விரிந்திருந்தபோது சந்தா நகர் வந்தது. சந்திரமோகன் சார் தன் இரண்டு சீட்டையும் ஸ்ரீகாந்தின் லேப்டாப் பையின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க ஆடுங்கப்பா. வண்டிய நிறுத்தச் சொல்றா" என்று சொல்லி இறங்கினார்.

கதவருகே நின்று பார்த்தோம். பிளாட்பாரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வந்த திசையிலேயே திரும்பி நடந்தார். அவர் வைத்துவிட்டுப் போன சீட்டுகளை நாங்கள் திருப்பிப் பார்க்கவில்லை. கலைத்துச் சீட்டுக்கட்டோடு சேர்த்துவிட்டான் ஸ்ரீகாந்த்.

அதற்குப் பிறகு அவர் எங்களோடு நாலு வருடம் ஆடினார், ஓய்வு பெறும் வரை. ஜன்னல் யாருக்கு என்று மறுபடி பந்தயம் கட்டியதில்லை. பத்தாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோதுதான் அஸ்வினியோடு முதல் தடவையாக உட்கார்ந்து பேசினேன். பழைய வீட்டைப் பற்றி அவளே சொன்னாள்.

"அப்பா ஜன்னல்ல வர்றது எனக்குத் தெரியும் அங்கிள். அவர் பாக்கறதுக்குத்தான் அந்த நேரத்துக்குத் துணி எடுத்துட்டு வருவேன். திடீர்னு மூணு வாரம் காணோம். ஜன்னல்ல வேற யாரோ தூங்கிட்டு வந்தாங்க. மனசு மாறிடுச்சு போலன்னு நெனச்சேன். அப்பறம் அத்தை வர்றாங்கன்னு வீடு மாத்தறப்போ, இவர்கிட்ட சொன்னேன், எங்க வேணா பாருங்க, ரயில் தெரியணும்னு."

அந்த வேறு யாரோ நான்தான் என்று சொன்னேன். அவள் உள்ளே போய், பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து வந்தாள்.

அன்று சந்தா நகரில் இறங்கி அவர் வீட்டுக்கு வந்ததும், குழந்தையைக்கூடக் கேட்கவில்லையாம். வாசலில் நின்றபடி, "பேனா இருக்காம்மா?" என்றாராம். கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எதுவும் அந்த வீட்டில் இல்லை. ஷ்யாம் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் ரசீதையும் பேனாவையும் நீட்டினார். அப்பா ரசீதை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்துவிட்டு, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

தாளைப் பிரித்துக் காட்டினாள். மஞ்சளாகிவிட்டிருந்தது. கையெழுத்துக்கு மேலே, அதே பழைய கையால், 'ஏற்கலாம்' என்று எழுதியிருந்தது.